ஒரே தவறுக்கு ஏன் நாலு விதமான பிழைச்செய்தி? வலைப் படிவங்களுக்குள் நடப்பது

ஒரு மாணவி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி விவரம் கேட்கும் பக்கத்தில், பாஸ்புக்கைப் பார்த்து ஐஎஃப்எஸ்சி குறியீட்டை அடிக்கிறார். அதில் 11 இடங்கள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. பாஸ்புக் அச்சில் பூஜ்யத்துக்கும் ஆங்கில எழுத்தான 'ஓ'வுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவர் 'ஓ' என்று அடித்துவிடுகிறார்.

கணினியில் அடித்திருந்தால் "கேட்ட வடிவத்தில் இல்லை" என்று பிரவுசரே ஆங்கிலத்தில் ஒரு குமிழி காட்டுகிறது. அதே தளத்தின் மொபைல் செயலியில் அடித்திருந்தால் "தவறான உள்ளீடு". விவரங்களைத் திருத்தும் பக்கத்தில் "ஐஎஃப்எஸ்சி செல்லாது". சரிபார்ப்பே இல்லாத ஏதோ ஒரு வழியில் உள்ளே போய்விட்டால், பணம் அனுப்பும் நாளில் "பரிவர்த்தனை தோல்வி". தவறு ஒன்றுதான், செய்தி நாலு விதம். "ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும்" என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவர் பாஸ்புக்கை மறுபடி பார்த்து, தன் கண்ணுக்குத் தெரிந்ததையே மூன்று முறை அடிக்கிறார்.

இது எழுதியவர்களின் கவனக்குறைவால் மட்டும் வருவது கிடையாது. வலைச் செயலிகள் கட்டப்படும் முறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் சரிசெய்வது பெரிய வேலையாக இருக்காது.

ஒரு தவறு பிடிபடும் நான்கு இடங்கள்

பெட்டியில் அடித்த ஒரு சொல், சேமிக்கப்படும் இடம்வரை போவதற்குள் நான்கு சோதனைச் சாவடிகளைக் கடக்கிறது.

1. பிரவுசர். வலைப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 5ஆம் பதிப்பு, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2014 அக்டோபரில் வெளியானது. 'இது கட்டாயம்', 'இந்த வடிவத்தில் இருக்க வேண்டும்', 'இதற்கு மேல் நீளம் கூடாது' என்று பெட்டியிலேயே குறித்துவைக்க அது வழி செய்தது. குறித்துவிட்டால் பிரவுசரே தடுத்து, தன்னிடம் இருக்கும் வாக்கியத்தைக் காட்டும்.

2. பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசருக்குள் ஓடும் நிரல். அடிக்கும்போதோ, பெட்டியை விட்டு வெளியே வரும்போதோ சரிபார்ப்பது. இதன் வாக்கியங்களை அந்தத் திரையை எழுதிய டெவலப்பர் அல்லது அவர் பயன்படுத்தும் நூலகம் (பிறர் எழுதிவைத்த தயார் நிரல்) தீர்மானிக்கிறது.

3. சர்வர், அதாவது படிவம் போய்ச் சேரும் தளத்தின் கணினி. ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ், ஸ்பிரிங் என்று சர்வர் நிரல் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளில் எதை எடுத்தாலும் அதற்கென்று சரிபார்க்கும் பகுதியும், அதோடு தயாராக வரும் பிழை வாக்கியங்களும் உண்டு.

4. விவரங்கள் சேமிக்கப்படும் டேட்டாபேஸும் வெளிச் சேவைகளும். 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது', 'இந்தக் கிளை இல்லை' போன்றவை இங்கேதான் தெரியவரும். இங்கிருந்து வரும் செய்திகள் பொறியாளருக்காக எழுதப்பட்டவை. யாரும் இடைமறித்து மாற்றாவிட்டால் அப்படியே திரையில் வந்து விழும்.

நான்கையும் எழுதியது நான்கு தரப்பு. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால் நாலு குரல் கேட்பது இயல்புதான்.

முதல் சாவடியில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பிரவுசர் காட்டும் குமிழியின் மொழி, பிரவுசரின் மொழியைப் பொறுத்தது, பக்கத்தின் மொழியைப் பொறுத்தது அல்ல. முழுக்கத் தமிழில் எழுதிய பக்கத்தை ஆங்கில குரோமில் திறந்தால் குமிழி ஆங்கிலத்தில் வரும். வாக்கியமும் பிரவுசருக்கு பிரவுசர் மாறும். அந்தக் குமிழியின் நிறத்தையோ எழுத்தின் அளவையோ நம் பக்கத்திலிருந்து மாற்ற முடியாது. 'செட்கஸ்டம்வேலிடிட்டி' என்ற செயற்கூறு வழியாக வாக்கியத்தை மட்டும் மாற்றலாம். அல்லது படிவத்தில் 'நோவேலிடேட்' என்று போட்டு, குமிழியை அடக்கிவிட்டு, நாமே காட்டலாம். ஒரே குரல் வேண்டுமென்றால் இரண்டாவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. பிரவுசரின் சரிபார்க்கும் திறன் அப்போதும் அப்படியே இருக்கும். எந்தப் பெட்டியில் எந்த வகைத் தவறு என்று அதனிடம் கேட்டுக்கொள்ளலாம், வாக்கியம் மட்டும் நம்முடையது.

சர்வர் சாவடியை மட்டும் ஒருநாளும் எடுக்க முடியாது. பிரவுசரில் ஓடும் எதையும் பயனர் நிறுத்திவிடலாம், மாற்றிவிடலாம், பிரவுசரே இல்லாமல் சர்வருக்கு நேரடியாக அனுப்பலாம். ஆகவே பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு பயனரின் வசதிக்கு, சர்வரில் செய்வது பாதுகாப்புக்கு. இரண்டும் வேண்டும் என்பதால்தான் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் வேலை வருகிறது.

சொல்லுக்கு முன்னால் விதி

'செய்திகளை ஒரே மாதிரி ஆக்குவோம்' என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் சொற்களில் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, நான்கு சாவடிகளும் ஒரே விதியைத்தான் சோதிக்கின்றனவா என்பதை. விதியே வேறாக இருந்தால், ஒரு சாவடி பச்சை டிக் காட்டிய மதிப்பை அடுத்த சாவடி திருப்பி அனுப்பும். அங்கே வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை. அடிக்கடி இடறும் இடங்கள் இவை:

1. மின்னஞ்சல். பிரவுசரின் மின்னஞ்சல் பெட்டி, '@' குறிக்குப் பிறகு புள்ளியே இல்லாத முகவரியையும் ஏற்றுக்கொள்ளும், எச்டிஎம்எல் தரம் அப்படித்தான் சொல்கிறது. பல சர்வர் விதிகள் புள்ளியைக் கேட்கும்.

2. பின்கோடு. நம் ஊரில் '600 001' என்று நடுவில் இடம் விட்டு எழுதும் பழக்கம் உண்டு. கடிதத் தலைப்புகளில் அப்படித்தான் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து, நீளம் 6 என்று கட்டுப்படுத்திய பெட்டியில் ஒட்டினால், பிரவுசர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏழாவது குறியை வெட்டிவிடும். பெட்டியில் மிஞ்சுவது '600 00'. உடனே "6 இலக்கங்கள் வேண்டும்" என்று செய்தி வருகிறது. ஒட்டியவர் 6 இலக்கங்களைத்தான் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லும் அந்தச் செய்தி உண்மையும் இல்லை.

3. ஓரத்து வெற்றிடம். வாட்ஸ்அப்பில் வந்த ஐஎஃப்எஸ்சியை நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வரும். ஜாங்கோ படிவங்களும் லாராவெலும் இயல்பாகவே அதைக் கத்தரித்துவிடும். பிரவுசரின் வடிவச் சோதனை கத்தரிக்காது. சர்வர் மகிழ்ச்சியாக ஏற்றிருக்கக்கூடிய மதிப்பை பிரவுசர் மறுக்கிறது.

4. எண் பெட்டி. அதில் வெறும் கழித்தல் குறி மட்டும் இருந்தால் அதன் மதிப்பைக் கேட்கும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது வெற்றுச் சரம், அதாவது ஒன்றுமே இல்லை. 'நிரப்பவில்லை' என்று செய்தி போகும். பயனரின் கண்ணுக்கோ பெட்டியில் ஏதோ இருக்கிறது. 'நிரப்பவில்லை' வேறு, 'எண்ணாக இல்லை' வேறு. பிரவுசர் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் குறித்துவைக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

5. நீண்ட பத்தி. பல வரி எழுதும் பெட்டியில் ஒவ்வொரு வரி முறிப்பையும் பிரவுசர் ஒரு குறியாக எண்ணுகிறது. படிவத்தை அனுப்பும்போது அது இரண்டு குறிகளாக மாறிப் போகிறது. 500 வரை என்ற வரம்புக்குள் சரியாக எழுதி, கணக்குப் பலகையில் '0 மீதம்' என்று பார்த்து அனுப்பியவருக்கு, சர்வரிலிருந்து '500ஐத் தாண்டிவிட்டது' என்று வரும்.

இவற்றில் பாதிக்குச் செய்தியே வேண்டாம். வெற்றிடத்தைக் கத்தரி, பின்கோட்டின் நடு இடத்தை எடு, சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கு, அப்புறம் சோதி. இந்தச் சுத்தம் செய்யும் வரிசை எல்லாச் சாவடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணினியால் ஐயமில்லாமல் திருத்திக்கொள்ள முடிந்த ஒன்றைப் பயனர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

தமிழில் 'எழுத்து' என்றால் எது?

நீளக் கணக்கு தமிழில் தனிக் கவனம் கேட்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (சேமிப்பின் அலகு) வீதம் 15 பைட்.

இப்போது ஒரு பெயர்: ரா. கிருஷ்ணமூர்த்தி. நாம் எண்ணினால் 9 எழுத்து, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி. பிரவுசருக்கு 19 குறிகள். பைட் கணக்கில் 53. ஆரக்கிள் டேட்டாபேஸில் 50 நீளம் என்று ஒரு நெடுவரிசையை உருவாக்கினால், வேறு எதுவும் சொல்லாதவரை அந்த 50 என்பது பைட். ஆகவே பிரவுசர் ஏற்கிறது, சர்வர் நிரல் ஏற்கிறது, டேட்டாபேஸ் மறுக்கிறது. 'பெயர் 50 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்' என்று செய்தி வந்தால், 9 எழுத்துப் பெயர்க்காரர் என்ன செய்வார்? அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களில் இந்த வகை நெடுவரிசை குறிகளை எண்ணும் என்பதால் சிக்கல் குறைவு, ஆனாலும் அங்கேயும் அந்த எண்ணிக்கை நம் எழுத்துக் கணக்கோடு பொருந்தாது.

பெயரில் 'எழுத்துகள் மட்டும்' என்ற விதி இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதித்த பழைய விதியை மாற்றி, யூனிகோடில் 'எழுத்து' என்று வகைப்படுத்திய எல்லாவற்றையும் அனுமதிக்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு எழுதுவார்கள். ஆனால் தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி இவையெல்லாம் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' (மார்க்) என்ற தனி வகையில் இருக்கின்றன. அந்த விதியின்படி 'கமல' நுழையும், 'கமலா' நுழையாது. "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்" என்று கமலாவிடம் சொல்லும் ஒரு படிவம், அவருடைய தாய்மொழியின் எழுத்தை எழுத்து இல்லை என்கிறது. குறி வகையையும் சேர்த்து அனுமதித்தால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் செய்தியின் சொற்களை மட்டும் மெருகேற்றுவதில் அர்த்தம் இல்லை.

பிழைக்குப் பெயர் வேறு, வாக்கியம் வேறு

விதிகள் ஒத்துப்போன பிறகு சொற்களுக்கு வரலாம். இங்கே அடிப்படை யோசனை ஒன்றுதான்: சோதிக்கும் இடத்தில் வாக்கியத்தை எழுதாதே. அங்கே தவறின் பெயரை மட்டும் சொல். வாக்கியம் ஒரே ஒரு இடத்தில் இருக்கட்டும்.

ஐஎஃப்எஸ்சி உதாரணத்தில், சர்வர் மூன்று விவரங்களைத் திருப்பி அனுப்பினால் போதும்: எந்தப் பெட்டி (ஐஎஃப்எஸ்சி), என்ன தவறு (ஐந்தாவது இடம் பூஜ்யம் இல்லை), தேவையான மதிப்புகள் (இடம் 5, வந்தது 'ஓ'). இந்தப் பெயருக்கு உரிய வாக்கியம் செய்திப் பட்டியலில் இருக்கும்: "ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும். நீங்கள் ஆங்கில எழுத்து 'ஓ' அடித்திருக்கிறீர்கள்." பிரவுசரில் பிடித்தாலும் சர்வரில் பிடித்தாலும் மொபைல் செயலியில் பிடித்தாலும் பெயர் ஒன்று என்பதால் வாக்கியமும் ஒன்று. வாக்கியத்தை நாளைக்கு மேம்படுத்த நினைத்தால் ஒரு வரியைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

கருவிகளில் இதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. பிரவுசரே தவறுகளை 'மதிப்பு இல்லை', 'வகை பொருந்தவில்லை', 'வடிவம் பொருந்தவில்லை', 'மிக நீளம்', 'மிகக் குறைவு' என்று பெயரிட்டுத்தான் வைத்திருக்கிறது. ஜாங்கோவின் பிழைப் பொருளில் வாக்கியத்தோடு 'கோட்' என்ற பகுதி உண்டு, பலரும் அதைக் காலியாக விடுகிறார்கள். ரெயில்ஸில் பிழைகளின் 'டீடெய்ல்ஸ்' பட்டியல் பெயரையும் மதிப்புகளையும் தரும். லாராவெல் இயல்பாக அனுப்பும் பதிலில் வாக்கியங்கள் மட்டுமே இருக்கும் என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல் வேலை. ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாகப் பிழைகளை அனுப்புவதற்கென்றே, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2016இல் ஆர்எஃப்சி 7807 என்ற தரத்தை வெளியிட்டது, 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9457 அதன் இடத்துக்கு வந்தது. பிழையின் வகை, தலைப்பு, நிலை எண், விவரம் ஆகியவற்றுக்கு இன்ன பெயர் என்று அது வகுத்துத் தருகிறது. பெட்டிவாரியான பிழைகளை அதோடு நாமே சேர்த்துக்கொள்ளலாம். புதிதாக ஏபிஐ எழுதுபவர்கள் சொந்த அமைப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஒரே மாதிரி' என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு எல்லாத் தவறுக்கும் "தவறான உள்ளீடு" என்று ஒரே செய்தி வைப்பவர்கள் உண்டு. ஒரே தவறுக்கு எங்கே போனாலும் ஒரே செய்தி என்பதுதான் நமக்கு வேண்டியது. வெவ்வேறு தவறுகளுக்கு ஒரே செய்தி என்றால் அது தகவலை அழிப்பது. பெயர்ப் பட்டியல் போடும்போது தாராளமாகவே பிரித்துப் போடுங்கள். 'நீளம் 11 இல்லை', 'முதல் நான்கும் எழுத்து இல்லை', 'ஐந்தாவது பூஜ்யம் இல்லை', 'வடிவம் சரி, ஆனால் அப்படி ஒரு கிளை இல்லை' என்று ஐஎஃப்எஸ்சி ஒன்றுக்கே நான்கு பெயர்கள் வேண்டும்.

வார்ப்புரு தமிழில் ஏன் உடைகிறது

ஃபிரேம்வொர்க்குகளின் செய்திகள் பெரும்பாலும் வார்ப்புருக்கள். நடுவில் ஒரு இடம் விட்டு, பெட்டியின் பெயரை அங்கே செருகுவார்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் மாறாது என்பதால் அது ஓடுகிறது. தமிழில் அப்படி இல்லை. 'உள்ளிடவும்' என்று முடித்தால் முன்னால் வேற்றுமை உருபு வேண்டும். பெயர், பெயரை ஆகும். முகவரி, முகவரியை ஆகும். கடவுச்சொல், கடவுச்சொல்லை. எண், எண்ணை. மாவட்டம், மாவட்டத்தை. ஒரே வார்ப்புருவில் 'ஐ' ஒட்டினால் திரையில் 'மாவட்டம்ஐ உள்ளிடவும்' என்று வரும். இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பார்த்துத்தான் 'தமிழில் வைத்தால் புரியாது, ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்' என்று மக்கள் மொழியை மாற்றிக்கொள்கிறார்கள். புரியாமல் போனது தமிழால் அல்ல, வார்ப்புருவால்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பெட்டிக்கும் முழு வாக்கியத்தைக் கையால் எழுதுவது. முப்பது பெட்டிகள், தலா இரண்டு மூன்று தவறுகள் என்றால் நூறு வாக்கியங்கள்கூட வராது, ஒரு நாள் வேலை. இரண்டாவது, உருபு ஒட்டத் தேவையில்லாத வாக்கியமாக மாற்றுவது: 'மாவட்டம்: இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை'. நான் முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். படிப்பவருக்கு அது மனிதர் எழுதியதுபோல இருக்கும்.

எண்ணிக்கையிலும் இதே கதை. '1 பிழை உள்ளது', '3 பிழைகள் உள்ளன' என்று தமிழில் பெயரும் வினையும் சேர்ந்தே மாறும். யூனிகோட் அமைப்பின் மொழித் தரவில் தமிழுக்கு 'ஒன்று', 'மற்றவை' என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளும் ஐசியு என்ற நிரல் நூலகத்தின் செய்தி வடிவத்தைப் பயன்படுத்தினால், முழு வாக்கியத்தையும் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம்.

சொல் தேர்விலும் ஒரு முடிவு எடுத்து எழுதி வையுங்கள். 'கடவுச்சொல்'லா 'பாஸ்வேர்டா', 'சமர்ப்பி'யா 'அனுப்பு'வா, 'உள்ளிடவும்' என்பதா 'எழுதுங்கள்' என்பதா. எது என்பதைவிட, பெட்டியின் தலைப்பில் இருக்கும் சொல்லே செய்தியிலும் வருகிறதா என்பது முக்கியம். தலைப்பில் 'கைப்பேசி எண்' என்று போட்டுவிட்டு, செய்தியில் 'மொபைல் எண் செல்லாது' என்றால், அவசரத்தில் இருப்பவர் இன்னொரு பெட்டியைத் தேடுவார்.

எங்கே, எப்போது காட்டுவது

வாக்கியம் ஒன்றாக இருந்தும், ஒரு பக்கத்தில் பெட்டிக்குக் கீழே, இன்னொன்றில் மேலே சிவப்புப் பட்டையில், மூன்றாவதில் மூன்று விநாடி தோன்றி மறையும் அறிவிப்பாக வந்தால் பயனருக்கு அது ஒன்றாகத் தெரியாது. மறைந்துபோகும் அறிவிப்பில் பிழையைச் சொல்லவே கூடாது. மெதுவாகப் படிப்பவருக்கு அது எட்டுவதற்குள் போய்விடும்.

உலகளாவிய அணுகல் நெறிகளான டபிள்யூசிஏஜி இதில் தெளிவாக இருக்கிறது. விதி 3.3.1: தவறு தானாகக் கண்டறியப்பட்டால், எந்தப் பெட்டி என்பதையும் என்ன தவறு என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். 3.3.3: திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். 1.4.1: நிறத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தக் கூடாது. சிவப்பு விளிம்பு மட்டும் போட்டு நிறுத்தினால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்குச் செய்தியே இல்லை. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பும் டபிள்யூசிஏஜி 2.1ஐத்தான் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

பார்வையற்றவர், திரையில் இருப்பதை ஒலியாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியாகப் படிவம் நிரப்பும்போது, பெட்டிக்குள் போனதும் அதன் தலைப்பு ஒலிக்கும். பிழைச்செய்தி பக்கத்தில் எழுதியிருந்தாலும், இரண்டையும் நிரலில் இணைக்காவிட்டால் அது ஒலிக்காது. 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' என்ற பண்பு அந்த இணைப்பைத் தரும், 'ஏரியா-இன்வேலிட்' இந்தப் பெட்டியில் தவறு இருக்கிறது என்று அறிவிக்கும். ஒவ்வொரு திரையிலும் தனித்தனியாக இதை எழுதினால் எங்காவது விட்டுப்போகும். தலைப்பு, பெட்டி, செய்தி மூன்றையும் ஒரே கூறாகச் செய்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்புத் தொகுப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. படிவத்தின் மேலே எல்லாத் தவறுகளின் சுருக்கம், ஒவ்வொன்றையும் தட்டினால் அந்தப் பெட்டிக்கே போகும். மேலே இருக்கும் அதே சொற்கள் பெட்டியின் அருகிலும் இருக்கும். பக்கத்தின் தலைப்பிலேயே 'பிழை' என்ற சொல் முன்னால் சேரும், திரைவாசிப்பான் முதலில் படிப்பது அதைத்தான்.

எப்போது என்ற கேள்விக்கு: முதல் எழுத்தை அடித்ததுமே 'மின்னஞ்சல் தவறு' என்று சிவப்பைக் காட்டுவது தொந்தரவு. பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகோ, அனுப்பும் பட்டனைத் தட்டிய பிறகோ காட்டலாம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் 'யூசர்-இன்வேலிட்' தேர்வி, பயனர் தொட்ட பிறகே செயல்படும். 2023 இறுதியிலிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் அது கிடைக்கிறது. ஒருமுறை காட்டிய பிழையை, சரிசெய்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்.

வேண்டுமென்றே பொதுவாகப் பேச வேண்டிய இடம்

உள்நுழைவுப் பக்கம் மட்டும் இதற்கெல்லாம் விதிவிலக்கு. 'இந்த மின்னஞ்சலில் கணக்கு இல்லை', 'கடவுச்சொல் தவறு' என்று தனித்தனியாகச் சொன்னால், யார் யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிடலாம். வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, இரண்டுக்கும் ஒரே பொதுவான பதிலையே பரிந்துரைக்கிறது: "மின்னஞ்சலோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை." கடவுச்சொல் மறந்தவர் பக்கத்திலும் "இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மின்னஞ்சல் வரும்" என்றே சொல்ல வேண்டும். இந்த மூடுதிரை உள்நுழைவோடு நிற்கட்டும். பின்கோட்டில் ரகசியம் எதுவும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் எங்கே தொடங்குவது

1. நிரல் தொகுப்பு முழுவதும் தேடி, பயனருக்குப் போகும் எல்லாப் பிழை வாக்கியங்களையும் ஒரு விரிதாளில் அடுக்குங்கள். பக்கத்தில், எந்தச் சாவடியிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். ஒரே தவறுக்கு எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று அப்போதே கண்ணில் படும்.

2. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பெயர் கொடுங்கள். ஒருமுறை வைத்த பெயரை மாற்ற வேண்டாம், மொபைல் செயலியின் பழைய பதிப்புகள் அதை நம்பி இருக்கும்.

3. சர்வரில் பெயரையும் வாக்கியத்தையும் சேர்த்தே கொஞ்ச காலம் அனுப்புங்கள். திரைகள் ஒவ்வொன்றாகப் பெயருக்கு மாறிய பிறகு வாக்கியத்தை எடுக்கலாம். தெரியாத பெயர் வந்தால் காட்ட, ஒரு பொதுவான வாக்கியமும் தயாராக இருக்கட்டும்.

4. தவறான மதிப்புகளின் மாதிரிப் பட்டியல் ஒன்று வைத்து, பிரவுசர் நிரலும் சர்வர் நிரலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயரைத் தருகின்றனவா என்று தானியங்கிச் சோதனையில் ஓட்டுங்கள். பட்டியலில் 'ஓ' உள்ள ஐஎஃப்எஸ்சி, '600 001', கடைசியில் வெற்றிடம் உள்ள மின்னஞ்சல், கமலா, ரா. கிருஷ்ணமூர்த்தி ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். பயனரிடமிருந்து புதிதாக ஒரு புகார் வந்தால், திருத்துவதற்கு முன் அந்த மதிப்பை இதில் சேர்த்துவிடுங்கள்.

5. செய்திப் பட்டியலைத் தமிழ் நன்றாகத் தெரிந்த, நிரல் எழுதாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துவிட்டு 'இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?' என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். சொல்ல முடியாத வாக்கியங்களைத் திருப்பி எழுதுங்கள்.